என் அறையில்தான் வைக்க வேண்டும்

அந்த நாற்காலியில் உட்காருங்கள். இடது கைப்பிடி கொஞ்சம் ஆடும். அதில் சாயாமல் இருந்தால் போதும். இந்த அலுவலகத்தில் மற்ற நாற்காலிகளையெல்லாம் மாற்றிவிட்டார்கள். இதை மட்டும் எடுத்துப் போக நான் விடவில்லை.

அறை குளிராகத்தான் இருக்கும். இயந்திரங்களுக்காக வைத்த குளிர் இது, மனிதர்களுக்காக இல்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் ஒரு சால்வை தொங்குகிறது, வேண்டுமானால் போர்த்திக்கொள்ளுங்கள். இல்லை, அதை எடுக்க வேண்டாம். ஏசியைக் குறைத்து வைக்கிறேன். இப்போது இங்கே ஓடுவது ஒரே ஒரு இயந்திரம்தான். அதுவும் என்னைப் போலவே வேலை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கூப்பிட்டுத்தான் நீங்கள் வந்தீர்கள் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பிரிவு உபசாரத்தில் ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் செய்வது ஒரு சின்னப் பெட்டி. மூச்சுக் கோளாறு உள்ளவர்களின் படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பது. விரலில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். தூக்கத்தில் மூச்சு குறைந்து ரத்தத்தில் பிராணவாயு இறங்கினால் பெட்டி அலறும். பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் எழுந்து ஓடிவரும் அளவுக்கு அலறும். பெட்டியை வேறு எங்கேயோ செய்கிறார்கள். எப்போது அலற வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தரும் நிரலை இங்கே உட்கார்ந்து எழுதுகிறோம். எழுதுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். நான் எழுதி வெகுகாலம் ஆகிறது. எழுதியதைப் பத்திரமாக வைப்பதுதான் என் வேலை.

முன்பெல்லாம் எழுதியதை அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக் கணினியில் வைப்பார். ஒருவர் தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வார். இன்னொருவர் பென்டிரைவில் தன் மகளின் நடனப் போட்டோக்களோடு சேர்த்து வைத்திருந்தார்; அது சட்டைப்பையிலேயே இருந்து வாஷிங் மெஷினுக்குள் போய், நடனமும் போச்சு நிரலும் போச்சு. அன்றிலிருந்து அவருக்குச் சலவை என்று பெயர். இன்னொருவர் வேலையை விட்டுப் போகும்போது தான் எழுதியதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு, நான் எழுதியது எனக்குத்தானே சொந்தம் என்றார். அப்போதுதான் மேலாளர் விழித்துக்கொண்டார். வேலை நேரத்தில் எழுதுவதை எங்கே வைப்பது என்று ஒரு முடிவு வேண்டும், அதை நீங்களே எடுங்கள் என்று என்னிடம் சொன்னார். எங்கள் மேலாளர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பார். அவருக்கும் அதுவே பெயர்.

நான் முடிவு எடுத்தேன். எல்லாம் என் அறையில்தான் வைக்க வேண்டும். இதோ இந்த சர்வரில். அவரவர் மேஜையிலிருந்தே அனுப்பிவிட முடியாது. எழுதியவர் இங்கே வர வேண்டும், அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு நான் என் கையால் உள்ளே வைப்பேன்.

இது கிறுக்குத்தனம் என்று நினைக்காதீர்கள். மனதுக்குள் சரியாக இருப்பது வாயில் வரும்போது இடறும். சொல்லிக்கொண்டே இருக்கும்போது, ஐயோ, இதை விட்டுவிட்டேனே என்று எழுந்து ஓடுவார்கள். அப்படி எத்தனையோ பிழைகள் இந்த நாற்காலியில் பிடிபட்டிருக்கின்றன. நாளடைவில், நாற்காலியில் பேசியதென்றால் அது சுத்தம் என்று பெயர் வந்துவிட்டது. சோதனைப் பிரிவினர் கூட அதை இரண்டாவது தடவை தொடுவதில்லை. நான்தான் அந்த வழக்கத்தை ஏற்படுத்தினேன். ஒரே வேலையை இரண்டு பேர் எதற்குச் செய்ய வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். ஆகட்டும் என்றார்.

பிள்ளைகள் எனக்குச் சுங்கச்சாவடி என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சுங்கச்சாவடியில் எல்லா வண்டியும் ஒரு நிமிஷம் நின்றுதானே போக வேண்டும்.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே கேட்பீர்கள். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, ஒரு கட்டத்தில் அது தள்ளிப்போவதையும் யாரும் கவனிக்கவில்லை. ஒரு அக்கா இருக்கிறாள். போன் செய்தால், உடம்பு எப்படிடா இருக்கு என்பாள். நான் பதில் சொல்வதற்குள் தன் முழங்காலைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். குடியிருப்பில் லிஃப்ட்டுக்குள் ஒரு பெண்குரல் பேசும். கதவு திறக்கிறது என்று சொல்லும். சில நாள் அதற்கு நான் சரி என்று பதில் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போய் முதலில் சோப்பு வாங்குவேன், பிறகு போய் ரொட்டி வாங்குவேன், சாயங்காலம் தீப்பெட்டி. கடைக்காரர் ஒருநாள், ஒரேயடியா எழுதிட்டு வந்தா என்ன சார் என்று கேட்டார். அதற்குப் பிறகு கடையை மாற்றிவிட்டேன்.

அதற்காகத்தான் நாற்காலி போட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது. நாற்காலி வேலைக்காகப் போட்டது. ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மேஜைமேல் ஒரு பிளாஸ்கில் தேநீர் வைத்திருப்பேன். பெரும்பாலானவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். இருந்து தேநீர் குடித்தவள் ஒருத்திதான்.

அவளைச் சால்வை என்று கூப்பிடுவார்கள். இந்த அறைக்கு வரும்போதெல்லாம் அதைப் போர்த்திக்கொண்டு வருவாள், அதனால் வந்த பெயர். பெட்டி அலறும் பகுதி அப்போது அவள் பொறுப்பில்தான் இருந்தது. ஆரம்பத்தில் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டாள். ஒருநாள் தேநீரை ஊதிக்கொண்டே, சர்க்கரை கம்மியா போடுங்க அண்ணா என்றாள். வாய் தவறி வந்ததா, நினைத்துச் சொன்னாளா, தெரியாது. மறுநாளும் அண்ணா என்றாள். அன்றிலிருந்து நான் சர்க்கரையே போடுவதில்லை. வீட்டில்கூடப் போடுவதில்லை.

அவளுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கு நுரையீரல் பலவீனம், எங்கள் பெட்டிதான் பக்கத்தில். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் போல எனக்கு அவரைத் தெரியும். டிவியை ஊருக்கே கேட்கும்படி வைப்பார். பல்செட்டைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு மகளைத் திட்டுவார். பெட்டிக்கு என் மாமியார் என்று பெயர் வைத்திருந்தார். தூங்கும்போதுகூட என்னையே முறைச்சுப் பாக்குது, அசைஞ்சா கத்துது, மாமியார் இல்லாம வேற என்ன என்பாராம். சால்வை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய் நினைத்துக்கொண்டும் சிரிப்பேன்.

பெட்டியில் இருந்த குறையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். அந்த அம்மாவுக்குத் தூக்கத்தில் கையை உதறும் பழக்கம். உதறும்போது கிளிப் நழுவி, மறுபடி விரலில் சரியாக உட்காரும். பெட்டி அதைப் புதிதாகப் போட்டுக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் மூச்சு இறங்கினால், இறங்கிய அளவையே இயல்பென்று எடுத்துக்கொண்டு அதன் பிறகும் அலறாது. ஒருநாள் மத்தியானம் அம்மாவுக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள், உதடு நீலமாவதைப் பார்த்துவிட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. உடனே தூக்கி உட்காரவைத்துப் பிழைக்க வைத்தாள். அதன் பிறகு பல நாள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கினாள்.

சரிசெய்து எழுதிக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எழுதியது சில வரிகள்தான். ஒவ்வொரு வரியையும் சொன்னாள். நான் குறுக்குக் கேள்வி கேட்டேன், பதில் சொன்னாள். இடறவே இல்லை. என் கையால் உள்ளே வைத்தேன். எல்லாப் பெட்டிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இனி என் கட்டிலில் காலை நீட்டித் தூங்குவேன் அண்ணா என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வரிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது, அவளுக்கு அடுத்தபடியாக, இந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவள் ஒரு யோசனை சொன்னாள். எழுதியதையெல்லாம் கிளவுடில் வைக்கலாம் என்று. வெளியே வேறொருவர் நடத்தும் இடம். வாடகைக்கு எடுத்துக்கொண்டால் யாரும் எங்கிருந்தும் வைக்கலாம், எடுக்கலாம். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. நியாயமான யோசனை. நான் அதை நியாயமில்லை என்று இன்றுவரை சொன்னதில்லை.

மேலாளர் ஒரு கூட்டம் போட்டார். சட்ட ஆலோசகர் வந்திருந்தார். வேலைக்காக எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கும்வரை அது இந்த அறையில் இருந்தாலும் நிலாவில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்றார். நான் சாவியைப் பற்றிப் பேசினேன். அடுத்தவன் வீட்டுப் பரணில் நம் பாத்திரங்களை வைத்தால், கதவு பூட்டிக் கிடக்கும் நாளில் எதில் சமைப்பது என்று கேட்டேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அப்போது சால்வை பேசினாள்.

"இப்போ சார் ஒருத்தர் லீவு போட்டா எங்க எல்லாருக்குமே லீவுதான். அவருக்குக் காய்ச்சல் வந்தா கம்பெனிக்கே காய்ச்சல். அவரு மேலயும் எவ்வளவு பாரம் ஏத்துறது, சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் லீவு போட்டதே இல்லை என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. முதலில் அலறும் பகுதியை மட்டும் வெளியே வைத்து, அங்கிருந்தே பெட்டிகளுக்கு அனுப்பிப் பார்ப்போம், சரியாக வந்தால் மற்றதையும் மாற்றலாம் என்று முடிவாயிற்று. எடுத்துக்கொண்டு போய் வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆகட்டும் என்றார் மேலாளர். நானும் ஆகட்டும் என்றேன்.

கூட்டம் முடிந்து அவள் இங்கே வந்தாள். நின்றுகொண்டே பேசினாள்.

"கோபமா அண்ணா?"

"எதுக்கும்மா கோபம். நல்லதுக்குத்தானே சொன்னே."

"இனிமே அடிக்கடி வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். நீங்களும் கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெறுத்துச் சொன்னால் சண்டையாவது போடலாம். அன்பாகச் சொல்பவளிடம், தொந்தரவு பண்ணும்மா, தினமும் வந்து பண்ணும்மா என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் வாரத்துக்கு ஒருமுறை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பாள், அந்த மாதிரிப் பெண்தான். ஆனால் பரிதாபத்துக்கு வருவதும் வேலைக்கு வருவதும் ஒன்றில்லை. எனக்கும் கொஞ்சம் மானம் உண்டு.

அவள் போன பிறகு அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் இவள் வரமாட்டாள், அப்புறம் சலவை வரமாட்டார், பிறகு யாருமே வரமாட்டார்கள். காலையில் லிஃப்ட்டிலிருந்து இறங்கி வந்து, சாயங்காலம் லிஃப்ட்டுக்குள் திரும்பப் போகும்வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. சாவைப் பற்றி நினைக்கும்போதுகூட அவ்வளவு பயந்ததில்லை.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். அலறும் பகுதியை வெளியிடத்துக்குக் கொண்டுபோய் வைக்கும்போது, எல்லாவற்றிலும் புதியதை வைத்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் பழையதை வைத்தேன். அவள் சரிசெய்வதற்கு முன்பு இருந்தது. பழையது புதியது எல்லாமே என்னிடம்தான் இருந்தன, யார் எப்போது எழுதியதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. வெளியிடம் தானாகவே குழம்பிப் பழையதை எடுத்துக்கொண்டதுபோல் தெரியும்படி தேதிகளையும் ஒழுங்கு செய்தேன். நல்ல வேலைக்காரன் நான்.

என் கணக்கு மிகச் சாதாரணமானது. சோதனைப் பிரிவில் பிடித்துவிடுவார்கள். ஐயையோ, கிளவுட் வரிகளை விழுங்கிவிட்டதே என்று கூச்சல் கிளம்பும். மேலாளர் தலையைப் பிடித்துக்கொள்வார். எல்லாம் பழையபடி என் அறைக்கு வந்துவிடும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோதனைப் பிரிவிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். சார், இதுல புதுசா ஒண்ணும் இல்லையே, எல்லாம் நாற்காலியில பேசினதுதானே என்று கேட்டான். எல்லாம் நாற்காலியில் பேசியதுதான் என்றேன். அது பொய்யில்லை. பழைய வரிகளையும் ஒரு காலத்தில் யாரோ இங்கே உட்கார்ந்து பேசித்தான் வைத்தார்கள். அப்போ நாங்க தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். அவன்மேல் தவறு சொல்லாதீர்கள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் செய்தான்.

எங்கள் நிறுவனத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. எது புதிதாகப் போனாலும் முதலில் எங்கள் ஆட்களின் வீட்டிலிருக்கும் பெட்டிகளுக்குத்தான் போகும். ஊரான் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பது மேலாளரின் கொள்கை. எங்கள் ஆட்களில் அந்தப் பெட்டி வைத்திருந்த வீடு ஒன்றுதான். அந்த நேரத்தில் அது எனக்கு மறந்துவிட்டது என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டது என்பது சரியான வார்த்தை இல்லை.

ஏனென்றால் அன்று சாயங்காலமே அவள் வீட்டிலிருந்து போன் செய்தாள். கிளம்பப் போகும் நேரம். நான் மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணா, அப்டேட் வந்துடுச்சு. மாமியார் சமத்தா வாங்கிக்கிட்டாங்க."

"அப்படியா."

"எப்பவும் புதுசு ஏதாவது வந்தா முதல் நாள் நான் அம்மா பக்கத்துலயே உட்காந்திருப்பேன். இன்னைக்கு உட்காரப் போறதில்ல. நீங்களே கையால எடுத்து வெச்சது, எனக்கு என்ன பயம்?"

நான் அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். உன் அம்மா பக்கத்தில் உட்காரும்மா என்றால்கூடப் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் புத்திசாலி, இரண்டாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவாள். அதன் பிறகு எனக்கு அண்ணா என்ற பெயர் இருக்காது. அவள் குரல் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பின்னால் டிவி சத்தம் கேட்டது, அந்த அம்மா ஏதோ சொல்லித் திட்டினார், பல்செட் காணோம் என்று நினைக்கிறேன். இவள் இங்கே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"நிம்மதியா தூங்கும்மா" என்றேன்.

அதன் பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய பால்கனியில் ஒரு புறா கூடு கட்டியிருப்பதைப் பற்றிச் சொன்னாள். நான் புறாவைப் பற்றி இன்னும் சில கேள்விகள் கேட்டேன், போனை வைத்துவிடக்கூடாதே என்று.

காலையில் அவள் வெந்நீர் எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போயிருக்கிறாள். கிளிப் விரலில் சரியாகவே இருந்ததாம். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம்.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை அப்போதுதான் போனேன். அந்த அம்மா நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் எங்கள் பெட்டி, அதன்மேல் ஒரு கிண்ணத்தில் பல்செட். சால்வை தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் அண்ணா கேட்டேன். வெளிய வைக்கலாம்னு நான்தான் கேட்டேன். உங்ககிட்டயே இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க."

"உன் தப்பு இல்லம்மா" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. வெளியிடம் வரிகளை விழுங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மற்ற பெட்டிகளுக்கு அது போகாமல் அன்றே நிறுத்திவிட்டேன். அந்த வேகத்துக்காக மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எல்லாம் என் அறைக்குத் திரும்பியது. அவளும் திரும்பினாள். வீட்டில் பார்த்துக்கொள்ள அம்மா இல்லை, வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. எழுத ஒன்றும் இல்லாத நாளிலும் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுவாள். நான் சர்க்கரை இல்லாமல் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். மத்தியானச் சாப்பாட்டையும் இங்கேயே சாப்பிட ஆரம்பித்தாள். சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள், ஆனால் உண்மையைச் சொல்லத்தானே கூப்பிட்டேன். அவை நல்ல நாட்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் வேறு இல்லை.

ஆனால் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். எழுதுவது அவளுக்கு வராமல் போனது. ஒரு வரி எழுதுவதற்குள், இது சரியா, இது யாரையாவது கொல்லுமா என்று கேட்பாள். இந்த நாற்காலியில் ஒருதடவைகூட இடறாதவள், வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் வரவில்லை. மறுநாளும் இல்லை. வேலையை விட்டுவிட்டாள் என்று மேலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சால்வையை மட்டும் நாற்காலியில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குவது அதுதான்.

அதற்குப் பிறகு மேலாளர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் என்னிடம் எதுவும் கேட்காமல் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டார். பத்திரமாகத்தான் இருக்கிறது, ஒரு வரிகூடத் தொலையவில்லை. இப்போது யாரும் எங்கேயும் வந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. என்னை அனுப்பவும் மனமில்லாமல் இந்த அறையை எனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். பிளாஸ்கில் தேநீர் ஆறிப்போகிறது, சாயங்காலம் கொட்டிவிட்டுப் போகிறேன்.

போன வாரம் சலவையை லிஃப்ட்டில் பார்த்தேன். சால்வையைப் பற்றிக் கேட்டேன். இப்போதெல்லாம் வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். அம்மாவின் அறையில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்குகிறாளாம். யார் போன் செய்தாலும் எடுப்பதில்லையாம். நானும் செய்து பார்த்திருக்கிறேன், எடுக்கவில்லை.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். தன் அம்மாவைத் தானே கொன்றுவிட்டதாக ஒரு பெண் நினைத்துக்கொண்டிருப்பது அநியாயம். அந்த அம்மாவைக் கொன்றது நான்தான். பழைய வரிகளை வைத்தது நான், சோதனைக்காரன் கேட்டபோது மறைத்தது நான், நிம்மதியாகத் தூங்கு என்று சொன்னதும் நான். அந்த வரிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். என் மனசாட்சிக்காகத்தான் சொல்கிறேன், எனக்கென்று இதில் எந்த லாபமும் இல்லை.

நீங்கள் அவளிடம் சொல்லத்தானே போகிறீர்கள். சொல்ல வேண்டும், அதுதான் முறை. என் வாயாலேயே சொன்னேன் என்று சொல்லுங்கள். கேட்டதும் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். ஏன் அண்ணா இப்படிச் செய்தீங்க என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது. எனக்கு அவளைத் தெரியும், காரணம் தெரியாமல் எதையும் விடமாட்டாள். திட்டினாலும் பரவாயில்லை. நிறையத் திட்டுவாள் என்று நினைக்கிறேன், எப்படியும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் என்னைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தில், பார்க்க வருகிறவர்களுக்கு எதிரே ஒரு நாற்காலி போடுவார்களா?